லேசா டீச்சரின் இடது கை

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பார்த்தால் சாதுவாக இருப்பார்கள். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார்கள். அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு வியாதிதான்: அடுத்தவர் செய்து முடித்த வேலையைத் தொடாமல் அவர்களால் இருக்க முடியாது. முழுதாக மாற்றிவிடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவு முரடர்கள் இல்லை. லேசாக ஒரு கை வைப்பார்கள், அவ்வளவுதான். நீங்கள் மடித்து வைத்த போர்வையின் நுனியை லேசாக இழுத்துவிடுவார்கள், நீங்கள் பெருக்கிய தரையில் லேசாக இன்னொரு முறை விளக்குமாற்றை ஓட்டுவார்கள், நீங்கள் கடை கடையாக ஏறி வாங்கி வந்து மாட்டிய படத்தின் எதிரே தலையைச் சாய்த்து நின்று, ஒரு கண்ணை மூடி, "பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அதன் இடது மூலையை ஓர் அரிசி அளவு தூக்கிவிட்டுப் போவார்கள். படம் நேராகிவிடும். உங்கள் மனசு கோணிக்கொள்ளும்.

இவர்களை அடையாளம் காண நான்கு அறிகுறிகள் உண்டு. முதலாவது, "லேசா" என்ற சொல். எதையும் தொடுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுவார்கள், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற மாதிரி. இரண்டாவது, கை வைத்து முடித்ததும் நகர மாட்டார்கள். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நீங்கள் நன்றி சொல்ல வேண்டுமாம். மூன்றாவது, தாங்கள் செய்த வேலையில் வேறு யாராவது விரல் வைத்தால் அவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "எதுக்குத் தொடறீங்க? இருந்தது இருந்தபடி இருக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். அதை அவர்களே கேட்பார்கள் என்பதுதான் வேடிக்கை.

இந்த இனம் எங்கும் விளையும். அலுவலகங்களில் நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு, மாலையில் அதே காற்புள்ளியைத் திரும்ப வைக்கிறவர் இவர்தான். ஆனால் இதற்கென்றே பதமாக உரம் போட்டு வைத்த மண் ஒன்று இருக்கிறது. அதுதான் மழலையர் பள்ளி. வேறெங்கே ஒரு காலை நேரத்துக்குள் ஐம்பது அறுபது கோணல் பொருள்கள் உற்பத்தியாகும்?

அப்படி ஒரு பள்ளியில்தான் நம் லேசா டீச்சர் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, பிள்ளைகள் வைத்ததுதான் நிலைத்தது. வகுப்பறை சிறியது. முழங்கால் உயரத்தில் மூன்று மேசைகள், சுற்றிலும் பதினெட்டு நாற்காலிகள், பசைக் கிண்ணங்கள், மொட்டை முனைக் கத்தரிக்கோல்கள் நிற்கும் டப்பா, கை கழுவும் தொட்டி. வாசலை ஒட்டிய சுவரில் பையை மாட்டப் பதினெட்டுக் கொக்கிகள். பெயரைப் படிக்கத் தெரியாத நாலு வயசு என்பதால் ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம். ரயில், வாத்து, கரண்டி, பூசணி, குடை, காளான் என்று. கொஞ்ச நாளில் அந்தப் படமே பிள்ளைக்குப் பெயராகிவிடும். "வாத்து இன்னைக்கு வரல டீச்சர், காய்ச்சலாம்" என்று ஆயாம்மா சொன்னால் அங்கே யாரும் சிரிப்பதில்லை.

வகுப்பின் மகுடம் பருவப் பலகை. கதவிலிருந்து கை கழுவும் தொட்டி வரை நீளும். நடுவில் பழுப்புக் காகிதத்தில் ஒரு பெரிய மரம், சுற்றிலும் பதினெட்டுப் பிள்ளைகளின் பதினெட்டுத் தாள்கள். வருஷத்துக்கு நான்கு முறை மாறும். வெயில் காலத்தில் சூரியனுக்குக் கதிர் ஒட்டுவார்கள், மழைக் காலத்தில் மேகத்துக்குக் கீழே துளி ஒட்டுவார்கள், இலையுதிர் காலத்தில் கிளையில் இலை, குளிர் காலத்தில் கூரைமேல் பனியாகப் பஞ்சு. பலகையில் என்ன பருவமோ அதுதான் பருவம். வெளியே இருப்பதைப் பற்றி லேசா டீச்சருக்குக் கவலை கிடையாது.

"டீச்சர், மழை பெய்யுது!" என்று ரயில் ஒரு நாள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"அது வெளியில. நாம அடுத்த மாசம்தான் மழை படிக்கப் போறோம். வந்து சூரியனுக்குப் பசை தடவு."

அடுத்த மாசம் வந்தது. மழை வரவில்லை. ஆனால் பிள்ளைகள் மழைச்சட்டை போட்டுக்கொண்டு நடக்கிற நாள் என்று அட்டவணையில் இருந்ததே! ஆயாம்மாவை முக்காலிமேல் ஏற்றிப் பூவாளியைக் கையில் கொடுத்தார் டீச்சர். ஆயாம்மா ஊற்றினார். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "லேசா சாய்ச்சுப் புடிங்க. மழை இப்படியா நேரா விழும்?" என்று தானே ஏறிப் பூவாளியை வாங்கிக்கொண்டார். மழைக்கே கை வைத்த மனுஷி, பிள்ளைகளின் பசை வேலையை விட்டுவைப்பாரா?

பிள்ளைகள் மதியம் வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்காருவார். தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, சூரியனை விட்டு ஓடிப்போன கதிரைப் பசை காய்வதற்குள் பிய்த்து எடுத்துச் சூரியனிடம் சேர்த்துவைப்பார். மேகத்துக்கு மேலே ஒட்டிய துளியைக் கீழே இறக்குவார். பிய்த்த இடத்தில் பசைக் கறை நிற்கும் அல்லவா? அதன்மேல் ஒரு குட்டி மேகம் வெட்டி ஒட்டிவிடுவார். கறை மறைந்துவிடும். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் ஒருமுறை, "இந்த வகுப்புப் பிள்ளைங்க வானத்தை ரொம்பக் கவனிக்கறாங்க, எவ்வளவு மேகம்!" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். டீச்சர் அந்தப் பாராட்டைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. பள்ளித் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் ஒரு நாள் பலகைமுன் நின்று, "எல்லாம் ஒரே கையா இருக்கே. பெத்தவங்க கேக்க மாட்டாங்களா?" என்றார். வேறு யாராக இருந்தாலும் அன்றோடு விட்டிருப்பார்கள். லேசா டீச்சர் அன்றிலிருந்து இடது கைக்கு மாறினார்.

அதை ஒரு கலை என்றே சொல்ல வேண்டும். இடது கையால் வெட்டினால் வெட்டு கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், குழந்தை வெட்டியது போலவே இருக்கும். அதிலும் பதினெட்டுப் பேருக்கும் பதினெட்டு விதம் வைத்திருந்தார். ரயிலுக்குப் பசை அதிகம், ஓரத்தில் வழிய வேண்டும். பூசணி கோட்டைத் தாண்டி வெட்டுகிறவள், ஆகவே இரண்டு இடத்தில் தாண்டல். கரண்டி பொறுமைசாலி, அவனுக்கு மட்டும் வலது கை. பதினெட்டுக் கோணலையும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்கிற ஆள் வேறெங்கே கிடைப்பார்? ஒருமுறை கீழே விழுந்துகிடந்த குட்டி மேகம் ஒன்றை ஆயாம்மா எடுத்துத் தானாக ஒட்டிவிட்டார். டீச்சர் இரண்டு நாள் ஆயாம்மாவோடு பேசவில்லை. "பிள்ளைங்க வேலையில நாம கை வைக்கலாமா?" என்று மூன்றாம் நாள் கேட்டார்.

இப்போது குடைக்கு வருவோம்.

குடை சின்னப் பெண். பேச்சு குறைவு. அவளுடைய பை தினமும் பக்கத்துக் கொக்கியில், காளானின் இடத்தில் தொங்கும். காளான் அழுவான். டீச்சர் பையை எடுத்துச் சரியான கொக்கியில் மாட்டிவிட்டு, "லேசா பாத்து மாட்டும்மா" என்பார். இப்படி ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, வருஷம் முழுக்க. குடையின் தாளிலும் இதே கதைதான். டீச்சர் பென்சிலால் அடிக்கோடு போட்டுத்தான் தாளைக் கொடுப்பார், இங்கே ஒட்டு என்று காட்டுவதற்காக. கடைசியில் கோடு வெளியே தெரிந்து அசிங்கமாகக் கூடாது என்று மெல்லிசாக, மூச்சுவிட்டால் அழிந்துபோகிற மாதிரி போடுவார். மற்ற பிள்ளைகள் அந்தக் கோட்டுக்கு அக்கம்பக்கத்தில் ஒட்டுவார்கள். குடை அவள்பாட்டுக்கு எங்கோ ஒட்டுவாள். டீச்சர் அலுத்துக்கொண்டதே இல்லை. அவளுக்குத்தான் அதிகமான மேகங்கள் செலவாயின.

குளிர் காலப் பலகைக்கு வேலை நடந்துகொண்டிருந்த வாரம். மறுநாள் பெற்றோர் வந்து பார்க்கிற நாள். குடையின் அம்மா அன்று மதியம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர், வாசலில் நிற்காமல் உள்ளேயே வந்துவிட்டார். பேருந்து ஓட்டுகிறவர். சீருடையைக்கூடக் கழற்றவில்லை.

"டீச்சர், ஒரு நிமிஷம். இவளுக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?"

"ஏங்க, என்னாச்சு?"

"நேத்து நிலைப்படியில இடிச்சுக்கிட்டா. தட்டுல இருக்கிறத விட்டுட்டுப் பக்கத்துல கையால துழாவுறா. எனக்கு வருஷா வருஷம் கண்ணைப் பாத்துட்டுத்தான் வண்டியைக் கையில குடுப்பாங்க, அதான் எனக்கு ஒரு பயம். கண் டாக்டர்கிட்ட நாளன்னைக்கு நேரம் வாங்கியிருக்கேன், மூணு மாசம் காத்திருந்து கெடைச்சது. இப்போ பாத்து என் வண்டிக்கு மாத்து ஆள் இல்லைங்கறாங்க. நீங்கதானே தெனமும் இவளைப் பாக்கறீங்க. சும்மா பயப்படறேனா, நெஜமா ஏதாவது இருக்கா, நீங்களே சொல்லிடுங்க."

டீச்சர் சிரித்தார். பலகையிலிருந்து இறங்கிய குடையின் தாள்களைச் சேர்த்து வைத்திருந்த கோப்பை எடுத்து மேசைமேல் விரித்தார். வெயில் காலம். கதிர்கள் சூரியனைச் சுற்றி வரிசையாக. மழைக் காலம். துளிகள் மேகத்துக்கு நேர் கீழே. இலையுதிர் காலம். கிளைக்குக் கிளை இலை. கோணல் இருந்தது, ஆனால் நாலு வயசுக்கு ஏற்ற, மனசுக்கு இதமான கோணல்.

"நீங்களே பாருங்க. கண்ணு தெரியாத பிள்ளையா இப்படி ஒட்டும்?"

அம்மா குனிந்து பார்த்தார். ஒவ்வோர் இலையாகத் தொட்டுப் பார்த்தார். அவர் தோள் தளர்ந்து இறங்கியது. "இவ்வளவு அழகா ஒட்டுறாளா! வீட்டுல ஒண்ணும் செய்ய மாட்டேங்கறா. பசங்களுக்கு டீச்சர்கிட்டதான் எல்லாம் வருது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "ஆமாங்க, நாளன்னைக்கு. வேணாங்க, வேற யாருக்காவது குடுத்துடுங்க. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல." பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். கோப்பை மூடிவைத்த டீச்சருக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஒரு தாயின் கவலையை லேசாகச் சரிசெய்துவிட்டாரே!

அன்று மதியம் பஞ்சுத் தாள்களைப் பரப்பினார். கரண்டியின் கூரையில் பஞ்சு அழகாகக் கிடந்தது. ரயிலின் பஞ்சு புகைக்கூண்டில் வழிந்தது. வாத்தின் பஞ்சை இடது கையால் சரிசெய்தார். குடையின் தாளை எடுத்தார். கூரை வெறுமையாக இருந்தது. பஞ்சு முழுவதும் தாளின் ஓரத்தில், பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் இடது கை போய்விட்டது, பஞ்சைப் பிடித்தும் விட்டது. பிறகு நின்றது.

வெயில் காலத்தில் இவள் கதிரை எவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்தோம்? ஒரு விரல். மழைக் காலத்தில் இரண்டு விரல். இலை நாலு விரல் தள்ளிக் கிடந்தது, அந்த முறை மூன்று மேகம் வெட்ட வேண்டியிருந்தது. மற்ற பிள்ளைகளின் கோணல் பருவத்துக்குப் பருவம் குறைந்துகொண்டு வர, இவளுடையது வளர்ந்துகொண்டே போயிருந்தது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது இது. பெற்ற தாய்க்குத் தெரியாது, பெரிய டீச்சருக்குத் தெரியாது. பதினெட்டுப் பிள்ளைகளின் கோணலையும் விரலால் அளந்து வைத்திருந்த ஒரே ஆள் லேசா டீச்சர்தான். அந்தக் கணக்கையும் அவரே மேகம் ஒட்டி மறைத்திருந்தார்.

மறுநாள் காலை குடையைத் தனியாக உட்காரவைத்தார். வெள்ளைத் தாளில் வழக்கமான மெல்லிசுக் கோடு ஒன்று போட்டார்.

"இந்தக் கோட்டு மேல பஞ்சு வைம்மா."

குடை தாளைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். மறுபடி தாளைத் தடவிப் பார்த்தாள்.

"எந்தக் கோடு டீச்சர்?"

 டீச்சர் தடித்த கறுப்புப் பேனாவை எடுத்து, விரல் அகலத்துக்கு அதே இடத்தில் இழுத்தார். குடை ஒரு தப்பும் இல்லாமல் வரிசையாகப் பஞ்சு வைத்தாள். வைத்து முடித்து, "இவ்ளோ பெருசா முன்னாடியே போட்டிருக்கலாமே" என்றாள். பிள்ளைக்குக் கோபம்கூட இல்லை. ஒரு சந்தேகமாகத்தான் கேட்டாள்.

இந்த இடத்தில் நல்லவர்கள் என்ன செய்வார்கள்? ஓடிப்போய்ச் சொல்வார்கள். நம் டீச்சரும் நல்லவர்தான். ஆனால் அவர் லேசாகச் சொல்லலாமா என்று பார்த்தார். பிற்பகல் பெற்றோர்கள் வந்து குவிந்திருந்தார்கள். பலகை ஜொலித்தது. பெரிய டீச்சர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். பூசணியின் அப்பா, தன் மகளின் சூரியனைச் சட்டம் போட்டுத் தன் அலுவலக மேசைமேல் வைத்திருப்பதாகப் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குடையின் அம்மா சீருடையில் கடைசியாக வந்து சேர்ந்தார். டீச்சர் அவரை ஓரமாக இழுத்துப் போனார்.

"எதுக்கும் லேசா ஒரு தடவை கண் டாக்டர்கிட்டக் காட்டிடுங்களேன்."

"என்ன டீச்சர் இது? நேத்து நீங்கதானே ஒண்ணுமில்லைன்னீங்க?"

"இல்ல, சும்மா ஒரு..."

அம்மா உடனே போனை எடுத்தார். நேற்று விட்டுக்கொடுத்த நேரம் நேற்றே போய்விட்டதாம். அடுத்தது நாலு மாசம் கழித்து. ஏதாவது கோளாறு என்று பள்ளியிலிருந்து எழுதி, பிள்ளை செய்த வேலையையும் அனுப்பினால் டாக்டர் நாளைக்கே இடையில் பார்ப்பாராம்.

"எழுதிக் குடுங்க டீச்சர். இவ செஞ்ச வேலையும் வேணுமாம். எதைக் காட்டறது? கோப்புல எல்லாம் நேராத்தானே இருக்கு?"

அந்தக் கேள்விக்கு லேசான பதில் கிடையாது. நேற்றைய பஞ்சுத் தாள் ஒன்றை வைத்து எழுதிக் கொடுத்தாலும், கோப்பிலுள்ள மற்ற மூன்றையும் பார்க்கிற டாக்டர் சிரிப்பார்.  டீச்சர் பலகையைப் பார்த்தார், பெரிய டீச்சரைப் பார்த்தார், பூசணியின் அப்பாவைப் பார்த்தார். பிறகு கோப்பை எடுத்துவந்து, எல்லோர் நடுவிலும் இருந்த குட்டி மேசையில் வைத்து, இலையுதிர் காலத் தாளிலிருந்த முதல் மேகத்தின் நுனியில் நகத்தைக் கொடுத்து உரித்தார்.

அடியில் பழுப்பாக ஒரு பசைக் கறை. இலையின் சிவப்பு நார் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவ ஒட்டினது இங்க. நான்தான் எடுத்துக் கிளையில வெச்சேன்."

இரண்டாவது மேகத்தை உரித்தார். மூன்றாவதை உரித்தார். மழைத் தாளில் இரண்டு, வெயில் தாளில் ஒன்று. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கறை பருவத்துக்குப் பருவம் தாளின் ஓரத்தை நோக்கி நடந்து போயிருந்தது.  "பையையும் தெனம் நான்தான் மாத்தி மாட்டினேன். காளானும் குடையும் அவளுக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார் டீச்சர்.

குடையின் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நேத்து நான் போன் போட்டப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க" என்று மட்டும் கேட்டார். டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மூன்று தாளையும் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார், பிள்ளையைத் தூக்கினார், போய்விட்டார். லேசா டீச்சர் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றார், நன்றிக்காக அல்ல. பின்னால் பூசணியின் அப்பா மெல்லிய குரலில் பெரிய டீச்சரைக் கேட்டுக்கொண்டிருந்தார், "அப்போ எங்க சூரியன்?"

டாக்டர் மறுநாளே பார்த்தார். இரண்டு கண்ணிலும் கோளாறு, இடது கண்ணில் ரொம்பவே. இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் அந்தக் கண் பார்க்கிற பழக்கத்தையே மறந்திருக்கும் என்றாராம். கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் தேவலையான வலது கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைக்கச் சொன்னார். மூன்று தாள்களையும் பார்த்துவிட்டு, "இதைக் கண்டுபிடிச்ச டீச்சர் யாரு?" என்று கேட்டாராம். அம்மா தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பெரிய டீச்சர் ஓர் உத்தரவு போட்டார். இனிமேல் பிள்ளைகள் ஒட்டியது ஒட்டியபடியே பலகைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பஞ்சை மறுபடி ஒட்டினார்கள், அந்தப் பலகை ஏறியது. பஞ்சு கூரையில் பாதி, சுவரில் பாதி. ஒரு வீட்டுக்குக் கதவு மேலே இருந்தது. எங்கும் ஒரு மேகம்கூட இல்லை. பெற்றோர்களுக்கு ஆனந்தம் பொங்கியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அந்த வாரமே ஏழு பேர் வந்து பெரிய டீச்சரிடம் புகார் சொன்னார்கள். பிள்ளைகள் பின்தங்கிவிட்டார்களாம், போன பருவம் எவ்வளவு நன்றாக இருந்தது. பூசணியின் அப்பா தினமும் மகளை விட வரும்போது பலகைமுன் நின்று, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஒரு பஞ்சைச் சுட்டுவிரலால் கூரைப் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். ஆயாம்மா பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, டீச்சரிடம் மட்டும் சொன்னார். டீச்சர் இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பருவம் முழுக்க அவர் உட்கார்ந்த விதம் அதுதான்.

இரண்டு வாரம் கழித்துக் குடை கண்ணாடியோடு வந்தாள். சிவப்புச் சட்டம், அவளுடைய மூக்குக்குக் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. பையைக் கழற்றினாள். கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். குடைக்குக் கீழே மாட்டினாள். காளான், இத்தனை நாள் பழக்கத்தில், அழுவதற்கு வாயைத் திறந்தவன், அழ ஒன்றும் இல்லை என்று தெரிந்து மூடிக்கொண்டான்.

டீச்சர் அவள்முன் மண்டியிட்டார். கண்ணாடி சரிந்திருந்தது. அரிசி அளவுதான். வலது கை தானாக எழும்பியது. பாதி வழியில் அதை நிறுத்தி, வாழ்க்கையில் முதல்முறையாக, தொடுவதற்கு முன் கேட்டார்.

"லேசா சரி பண்ணட்டுமாம்மா?"

"வேணாம் டீச்சர்" என்றாள் குடை. தானே விரலால் மேலே தள்ளிக்கொண்டாள். கண்ணாடி இன்னும் கோணலாகத்தான் நின்றது. அது வழியாக அவள் பலகையைப் பார்த்தாள், அந்த வருஷத்தில் முதல்முறையாக. தன் தாள்முன் போய் நின்றாள்.

"இது நானா ஒட்டினேன்?"

"ஆமாம். நீதான்."

"வீட்டு மேல ஒண்ணுமே இல்லையே. பாவம்" என்று சொல்லி, பஞ்சைப் பிய்த்துக் கூரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். வலது கையால்தான். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக் கையை எடுக்க வேண்டியிருந்தது. அவர் துடைத்து முடிப்பதற்குள் குடை பக்கத்துத் தாளுக்கு நகர்ந்திருந்தாள். காளானின் பஞ்சைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"லேசா" என்றாள்.

காளான் அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

அவ்வளவுதான் கதை. இனி உங்களிடம் ஒரு வார்த்தை. தொடக்கத்தில் இந்த இனத்துக்கு நான்கு அறிகுறிகள் என்று சொல்லி, மூன்றை மட்டும் சொல்லியிருக்கிறது. கவனிக்காதவர்கள் பாக்கியசாலிகள், நிம்மதியாகப் போய் வேறு வேலை பாருங்கள். அங்கேயே நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தவர்கள், மூன்றுதானே வந்தது என்று கதை முழுக்க முள்ளாய்க் குத்திக்கொண்டே வந்தவர்கள், நாலாவதைத் தாமாகவே யோசித்து ஓரத்தில் எழுதிவிடலாம் என்று பென்சிலைத் தேடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் இருங்கள். நாலாவது அறிகுறி அதுதான். தயவுசெய்து அந்தக் கையை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யார் யாருடைய கோணலை எத்தனை மேகம் ஒட்டி மறைத்திருக்கிறீர்கள் என்று உட்கார்ந்தபடியே யோசித்துப் பாருங்கள்.